மேலே எழுதிய வரி

2023 மார்ச் மாதத்தின் முதல் நாள்களில் பீகார் கிராமங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிய காணொளிகளில் ஒன்று கோயம்புத்தூரில் எடுக்கப்பட்டது. நீதிமன்ற வளாகத்துக்கு அருகில், பட்டப்பகலில், ஒரு கும்பல் ஓர் இளைஞரை வெட்டுகிறது. சம்பவம் நடந்தது பிப்ரவரி 13ஆம் தேதி. வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவரும் உள்ளூர்க்காரர்கள், கோஷ்டிப் பகை. நாளிதழ்கள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின, கோவை பேக்கரிகளில் டீ குடித்தவர்கள் பேசி முடித்தார்கள். சில வாரம் கழித்து அதே காட்சி கங்கைச் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் மேல் இந்தியில் ஒரு வரி ஏறியிருந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்பது அந்த வரியின் சாரம்.

அந்தப் பொய்யைச் செய்தவருக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. முகம் மாற்றவில்லை, குரல் மாற்றவில்லை. அரிவாள் உண்மை, ரத்தம் உண்மை, சாலை உண்மை, அது தமிழ்நாடு என்பதும் உண்மை. பொய் முழுவதும் மேலே எழுதிய ஒற்றை வரிக்குள் இருந்தது. கண்ணால் கண்டதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று கேட்பவருக்கு இந்தக் காணொளியை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கண் கண்டது ஒரு கொலையை. யார் யாரைக் கொன்றார்கள் என்பதைக் கண் காணவில்லை, படித்தது. காணொளி பார்க்கும் காலத்தில் வாசிப்பு செத்துவிட்டது என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காட்சிக்கு மேலே உள்ள ஐந்தாறு சொற்களை நாம் மிக ஆழமாக வாசிக்கிறோம். அவற்றை வாசிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை, ஆபத்து அங்கேதான்.

அந்த வாரம் உலவியவை வேறு பலவும் உண்டு. திருப்பூரில் பீகார்த் தொழிலாளிகள் இரு குழுவாகப் பிரிந்து தங்களுக்குள் அடித்துக்கொண்ட காட்சி, தமிழர்கள் அடித்ததாகச் சொல்லப்பட்டது. ராஜஸ்தானின் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்ட காட்சிக்குக்கூடத் தமிழ்நாட்டு முகவரி ஒட்டப்பட்டது. இந்தி பேசிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்று டெல்லியிலிருந்து ஒரு வழக்கறிஞர் ட்விட்டரில் எழுதினார். பிறகு உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கட்டுப் போட்ட காயங்களோடு தொழிலாளிகள் அழும் ஒரு காணொளி பாட்னாவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் படமாக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. தமிழ்நாட்டின் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு காணொளி வழியாகவே மறுப்பு வெளியிட்டார். பீகார் சட்டமன்றத்தில் அமளி. இரு மாநிலங்களின் அன்றைய முதல்வர்கள் மு.க. ஸ்டாலினும் நிதீஷ் குமாரும் தொலைபேசியில் பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளிகளைக் கேட்டு, சொல்லப்பட்டதுபோல எதுவும் நடக்கவில்லை என்று அறிந்துகொண்டு திரும்பியது.

இதற்கு நடுவே ரயில் நிலையங்களின் கூட்டம். அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. எர்ணாகுளம்–பாட்னா ரயிலிலும் ஆலப்புழை–தன்பாத் ரயிலிலும் பண்டிகைக்கு ஊர் போகிறவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல் நிற்பது திருப்பூர் நிலையத்தில் ஒவ்வோர் ஆண்டும் காணக் கிடைப்பதுதான். அந்த ஆண்டு அந்தக் கூட்டத்தின் படம் தப்பி ஓடுகிறவர்களின் படமாக வாசிக்கப்பட்டது. கொடுமை என்னவென்றால், அந்த வாசிப்பு தன்னைத் தானே உண்மையாக்கியும் கொண்டது. ஊரிலிருந்து அம்மா அழைத்து அழுத பிறகு, ஹோலிக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரும் மூட்டை கட்டினார். கூட்டம் பெருத்தது. பெருத்த கூட்டத்தின் படம் மறுபடியும் பீகாருக்குப் போனது.

அந்த அம்மாவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். மதுபனியிலோ ஜமூயிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு மகன் வேலை செய்யும் ஊரின் பெயர் திருப்பூர் என்று தெரியும். பனியன் கம்பெனி என்று தெரியும். மாதம் பிறந்தால் பணம் வரும் என்று தெரியும். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி அவர் முதன்முதலாகப் பார்க்கும் காட்சி இது. எச்சரிக்கையாக இரு, ஆதாரம் பார், சிந்தித்துப் பகிர் என்று அவருக்கு வகுப்பெடுப்பது எளிது. அவர் இடத்தில் இருந்து பார்த்தால், மகனை உடனே கூப்பிடுவதைவிட அறிவுள்ள செயல் வேறு எது? செய்தி பொய்யானால் நஷ்டம் இரண்டு வாரக் கூலி. மெய்யானால் மகன். சந்தேகப்படுவதற்குச் சில வசதிகள் வேண்டும்: நேரம், மொழி, நம்பிக்கையாகக் கேட்க ஓர் ஆள், பொறுத்திருந்தாலும் நஷ்டமாகாத ஒரு வாழ்க்கை. இவை எதுவும் இல்லாதவரிடம் ஏமாந்தாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எட்டாதது ஒன்று நமக்கு எட்டியது. அந்தக் காணொளியைக் கோவையில் காட்டியிருந்தால், நீதிமன்றம் பக்கம் வண்டி ஓட்டுகிற எந்த ஆட்டோக்காரரும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார், இது போன மாசம் கோர்ட்டுக்கிட்ட நடந்ததுதானுங்களே என்று. திருப்பூர்க் காட்சியைத் திருப்பூரில் காட்டியிருந்தால் அந்த வீதிக்காரர்கள் நடந்ததைச் சொல்லியிருப்பார்கள். உண்மை எங்கோ ஆவணக் காப்பகத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. ஊரில் பல்லாயிரம் பேருக்குத் தெரிந்ததாக இருந்தது. தெரிந்தவர்களின் கண்ணுக்கு அந்த இந்தி வரி வரவே இல்லை. நம் வீதியைப் பற்றிய பொய் நாம் படிக்காத மொழியில், நாம் இல்லாத குழுக்களில், நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இணையம் உலகத்தை ஒரே கிராமமாக்கியது என்ற பழைய பேச்சு எனக்கு இந்த இடத்தில் உடைந்தது. ஒரே சாலையில் நிற்கும் இரண்டு பேர், ஒருவர் தமிழிலும் மற்றவர் போஜ்புரியிலும், அந்தச் சாலையைப் பற்றி வெவ்வேறு செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஓவர்லாக் வரிசையில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்தவர்களும்தான்.

நாம் நல்ல வாசகர்கள், வடக்கில் இருப்பவர்கள் ஏமாளிகள் என்று இதைப் புரிந்துகொள்ள இடமில்லை. அதற்கு ஐந்து வாரம் முன்பு, ஜனவரி கடைசியில், எதிர்த்திசையில் ஒரு காணொளி தமிழ்நாடு முழுக்க ஓடியது. திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனி அருகே, வடமாநிலத் தொழிலாளிகள் பெருங்கூட்டமாகச் சிலரை விரட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் பெல்ட், கட்டை. மேலே தமிழில் ஒரு வரி: தமிழர்களை ஓட ஓட விரட்டும் வடக்கர்கள். அதுவும் பழைய காட்சி. ஜனவரி 14 அன்று டீக்கடையில் சிகரெட் புகையை ஒருவர் முகத்தில் விட்டதில் தொடங்கிய தகராறு என்று காவல்துறை விளக்கியது. தகராறு நடந்தது உண்மை. விரட்டியது உண்மை, வழக்கும் கைதும் உண்டு. ஆனால் ஒரு டீக்கடைச் சண்டை பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஓர் இனத்தின் படையெடுப்பாக நம் கைக்கு வந்தபோது, நம்மில் எத்தனை பேர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம்? நமக்கு மொழி தெரியும், ஊர் தெரியும், வேலம்பாளையத்தில் இருக்கும் சொந்தக்காரரை அழைத்துக் கேட்க வாய்ப்பிருந்தது. மதுபனி அம்மாவுக்கு இல்லாத எல்லாமும் நமக்கு இருந்தன. அப்படியிருந்தும் அந்த வரி லட்சக்கணக்கான தமிழ்க் கைப்பேசிகளில் சுற்றியது. நமக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு பயத்துக்கு அது படம் போட்டுக் கொடுத்தது. லைன் வீடுகளில் புது முகங்கள் கூடுகின்றன, கூலி இறங்குகிறது, கடைப் பலகையில் இந்தி வருகிறது என்ற முணுமுணுப்பு ஓர் ஆதாரத்துக்காகக் காத்திருந்தது. காத்திருப்பவனுக்கு வருகிற முதல் ஆதாரம் போதும். ஜனவரிக் காணொளியும் மார்ச் காணொளிகளும் ஒரே ஊரைப் பற்றியவை, ஒரே வகையில் செய்யப்பட்டவை. ஒன்றை உடனே கண்டுபிடித்தவர்கள் மற்றதை உடனே நம்பினார்கள். மனம் விரும்பாத செய்தியைச் சோதிப்பதும் விரும்பிய செய்தியை அப்படியே வாங்கிக்கொள்வதும் கூர்மையில் சேராது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்திச் சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்ட 10 பேர், அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். எழுத்தின் நடை, அடிக்குறிப்பு, நிறுவனத்தின் பெயர், சின்னம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். பலர் தவறான முடிவுக்கு வந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தில் நிற்கவே இல்லை. சட்டென்று வெளியே போய், வேறு சாளரங்களைத் திறந்து, இந்தப் பக்கத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். குறைவாகப் படித்தார்கள், அதிகம் தெரிந்துகொண்டார்கள். ஊன்றிப் படி என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது. ஊன்றிப் படிப்பதற்கு முன்னால், ஊன்றிப் படிக்கத் தகுந்ததா என்று வெளியே போய்ப் பார்க்கும் ஒரு படி இருக்கிறது. நூலகத்தில் அந்தப் படியை நூலகரும் பதிப்பகமும் நமக்காக ஏறி வைத்திருந்தார்கள். இணையத்தில் அதை ஏறும் வேலை நம் தலையில்.

கோவைக் காணொளிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். காணொளிக்குள்ளேயே நின்று ஆராய்ந்தவர் என்ன கண்டிருப்பார்? கடைப் பலகையில் தமிழ் எழுத்து தெரிந்தால் தமிழ்நாடு என்று உறுதி. வண்டியின் எண்பலகையில் டிஎன் 37 அல்லது 38 அல்லது 66 தெரிந்தால் கோவை என்றே உறுதி. அதாவது, உள்ளே நின்று செய்கிற சோதனை பொய்யைப் பலப்படுத்தியிருக்கும்: பாருங்கள், தமிழ்நாட்டில்தான் நடக்கிறது! இடத்தைச் சரிபார்ப்பது பாதி வேலைதான். எப்போது, யார் யாரை, ஏன் என்ற மூன்றும் காட்சிக்கு வெளியே இருந்தன. காணொளியின் ஒரு சட்டகத்தை நிறுத்திப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினாலோ, கோவை நீதிமன்றம், வெட்டு, பிப்ரவரி என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டினாலோ பழைய செய்தி வந்து நின்றிருக்கும். ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் அப்படித்தான் ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்தன. இந்த வேலையில் மாயம் கிடையாது. பொறுமையும், எந்தச் சொல்லைத் தட்டுவது என்ற ஊரறிவும் வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. இந்த மண்ணின் வரலாறே போலி ஆவணங்களோடு மல்லுக்கட்டி எழுதப்பட்டது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் கொங்குதேச ராஜாக்கள் என்ற தமிழ் ஏடு ஒன்று உண்டு. கொங்கையும் மைசூரையும் ஆண்ட கங்கர்களின் வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப் புகுந்தவர்கள் அதையும், கங்கர் பெயரில் கிடைத்த செப்பேடுகளையும் நம்பி அரசர் வரிசையைக் கட்டினார்கள். மைசூர்க் கல்வெட்டுகளைத் தொகுத்த பி.எல். ரைஸ் அந்தச் செப்பேடுகளில் பலவற்றை மெய்யென்று வாதிட்டார். கல்வெட்டறிஞர் ஜே.எஃப். ஃபிளீட் மறுத்தார். குடகின் மடிக்கேரியில் கிடைத்த செப்பேடு 388ஆம் ஆண்டு என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதைச் சக ஆண்டாகக் கொண்டால் ஐந்தாம் நூற்றாண்டு. அதன் எழுத்து பல நூற்றாண்டு பிந்தியது என்றார் ஃபிளீட். சொன்ன திதியும் சொன்ன கிழமையும் பொருந்துகின்றனவா, எழுத்தின் வடிவம் அந்தக் காலத்ததா, இந்த அரசனைப் பற்றி வேறு எந்தச் சாசனமாவது பேசுகிறதா என்று கேட்டுக் கேட்டு, போலிச் சாசனங்களின் நீண்ட பட்டியலையே அவர் போட்டார். அந்தச் சண்டையில் ஃபிளீட் சொன்னதெல்லாம் சரியென்று யாரும் இன்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கேள்வி கேட்கும் முறை நிலைத்தது.

அந்தச் செப்பேடுகளில் செம்பு உண்மை. வளையம் உண்மை, முத்திரை உண்மை, சொல்லப்பட்ட ஊர்களும் உண்மை. மேலே எழுதிய ஆண்டு பொய். கோவைக் காணொளியோடு வரிக்கு வரி பொருந்தும் ஏமாற்று இது. பிற்கால ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கற்றுக் கொடுத்தார்கள்: போலி என்று தெரிந்ததும் தூக்கி எறியாதே. யாரோ ஒருவருக்கு ஒரு நிலம் வேண்டியிருந்தது, ஓர் உரிமை வேண்டியிருந்தது, அதற்குப் பழைய அரசனின் பெயர் தேவைப்பட்டது. போலிச் செப்பேடு அது குறிப்பிடும் காலத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. அது செய்யப்பட்ட காலத்தைப் பற்றி உண்மை பேசுகிறது. கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த புலவர் செ. இராசு போன்றவர்களின் வேலையை வாசிக்கும்போது, ஓர் ஆவணத்தை எத்தனை பக்கத்திலிருந்து புரட்டிப் பார்க்கலாம் என்பது புரியும். எழுதியவர் யார், யாருக்காக, எந்த வழக்கில், எந்தச் சீருக்காக.

அதே கேள்வியை மார்ச் காணொளிகளிடம் கேட்டால் அவை நிறையப் பேசும். சிலவற்றைச் செய்தவர்களுக்கு யூடியூப் பார்வைகள் வேண்டியிருந்தன. சிலருக்கு எதிரணி அரசின் முகத்தில் கரி பூச வேண்டியிருந்தது. இரண்டும் இல்லாத பெரும்பாலோருக்கு, தன் இனத்தான் அடிபடுகிறான் என்ற பதைப்பை நாலு பேரோடு பகிர வேண்டியிருந்தது. மூன்றாவது வகையினரை முதல் இரண்டு வகையோடு சேர்த்துத் திட்டுவது அநியாயம். பொய் இவர்களின் பாசத்தில் ஏறித்தான் பயணம் செய்தது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் எழுதிய கட்டுரையின்படி, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம். புதுமையும் பயமும் அருவருப்பும் கலந்தது வேகமாகப் போகிறது. அந்தக் கணக்குக்கு நம் நாட்டில் ரத்த சாட்சியம் உண்டு. 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ள முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்தக் கொலையிலும் தாய்மார்களின் பயம்தான் வாகனம்.

மறுப்பு ஏன் எடுபடவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறை வேகமாகத்தான் இயங்கியது. இந்தியில் பேசியது, உதவி எண்கள் கொடுத்தது, கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளிகளிடம் சொன்னது. ஆனால் புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளிக்குக் காவல்துறை என்பது எந்த மாநிலத்திலும் நம்பிக்கையோடு நெருங்கும் இடம் கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை, பயப்படாதீர்கள் என்று காக்கி உடுப்பு சொல்லும்போது, ஏதோ நடந்திருக்கிறது என்று கேட்கும் காது அவருடையது. அந்தக் காதை அவருக்குக் கொடுத்தது அவருடைய அனுபவம். பயம் தெளிந்தது வேறு வாய்களால்: அறையில் கூட இருப்பவன், பத்து வருடமாக இங்கே இருக்கும் அதே ஊர்க்காரன், கூட்டி வந்த காண்ட்ராக்டர், கடன் சொல்லிச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரர். நாங்கள் இருக்கிறோம், எதுவும் இல்லை, நீ இரு என்று அவர்கள் சொன்னது எடுபட்டது. எந்தத் தகவலையும் அதைச் சொல்பவரோடு நமக்குள்ள உறவு கொண்டே எடைபோடுகிறோம். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தனக்கென ஒரு தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. அதன் வேலையில் பயனுள்ளவை உண்டு. ஆனாலும் அரசைப் பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்று அரசே முத்திரை குத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைச் சரிபார்க்க ஏற்படுத்திய விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, அந்தத் தயக்கத்துக்குச் சட்டத்திலும் இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.

இன்னொரு பக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு தலைப்பு வரியாகிவிடும். மார்ச் காணொளிகள் பொய் என்று நிரூபணமானதும், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளிகளுக்கு எந்தக் குறையும் இல்லை என்ற இன்னொரு வரி நம் பக்கத்திலிருந்து புறப்பட்டது. அதையும் அதே கண்டிப்போடு படிக்க வேண்டும். அந்தப் பிப்ரவரியிலேயே, தமிழ்நாட்டில் ஓடும் ரயிலின் பொதுப் பெட்டியில் வடமாநிலத் தொழிலாளிகளை ஒருவர் திட்டி அடிக்கும் காணொளி வந்தது. அது உண்மை. ரயில்வே போலீசார் அவரைத் தேடிப் பிடித்தார்கள். லைன் வீட்டில் ஓர் அறைக்குள் எட்டுப் பேர் படுப்பதும், ஓவர்டைம் கணக்கில் வாய்ச்சண்டை வருவதும், மிஷினில் விரல் போனால் நஷ்டஈட்டுக்கு அலைவதும், பெயரைக் கேட்காமல் இந்திக்காரன் என்றே கூப்பிடுவதும் கோவை பவுண்டரியிலும் திருப்பூர் சாயப்பட்டறையிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். படுகொலை நடந்தது என்ற பொய், இந்தச் சின்ன உண்மைகளின் மேல் ஏறி நின்றுதான் தன் உயரத்தைக் காட்டியது. மெய்யான அவமானங்களை அன்றாடம் அனுபவித்தவருக்கு, பொய்யான கொலை நம்பக்கூடியதாக இருந்தது. பொய்யை உடைத்த கையோடு அந்தச் சின்ன உண்மைகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டால், அடுத்த பொய்க்கு நாமே படிக்கட்டு கட்டிக் கொடுக்கிறோம்.

இப்போது காலம் இன்னும் கடினமாகிவிட்டது. 2023இல் பழைய காணொளியைத் தேட வேண்டியிருந்தது. இன்றைக்கு இல்லாத காட்சியைச் செய்துகொள்ளலாம். ஒருவர் சொல்லாததை அவர் குரலிலேயே சொல்ல வைக்கலாம். தேடுபொறியில் தட்டினால் மூலப் பக்கத்துக்குப் போகும் முன்னாலேயே இயந்திரம் தொகுத்துக் கொடுத்த பதில் மேலே வந்து நிற்கிறது. அதுவும் மேலே எழுதிய ஒரு வரிதான். தமிழில் கேட்டால் இந்தச் சிக்கல் இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்குப் பத்துப் பதிவு இருக்கும் இடத்தில் தமிழில் இரண்டு இருக்கும், அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கும். இரண்டு இடத்தில் வந்திருக்கிறது, ஆகவே உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. எங்கிருந்து எங்கே போனது என்று பின்னோக்கி நடந்தால் பல நேரம் இரண்டு கிளையும் ஒரே வேரில் போய் முட்டும், அந்த வேர் பெயரில்லாத ஒரு பகிர்வாக இருக்கும்.

இருந்தாலும் நான் நம்பிக்கை இழக்கவில்லை. காட்சியைச் செய்ய முடியும். ஓர் ஊரைச் செய்ய முடியாது. கொலை நடந்தால் ஒரு முதல் தகவல் அறிக்கை இருக்கும், அரசு மருத்துவமனையில் பிணக்கூறாய்வு இருக்கும், அழும் ஒரு குடும்பம் இருக்கும், எதிர்க்கடைக்காரர் இருப்பார், மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் நான்கு பத்தி இருக்கும். பன்னிரண்டு பேரைத் தூக்கிலிட்டால் பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு வீடுகள் பதறும். மெய்யான நிகழ்ச்சி தன்னைச் சுற்றித் தடயங்களை உதிர்த்துக்கொண்டே போகும். பொய்க்கு அந்தச் சுற்றம் கிடையாது, தனியாக நிற்கும். அந்தத் தனிமையைக் கண்டுபிடிக்கத் தொலைவில் இருப்பவரால் முடியாது. அருகில் இருப்பவரால் முடியும். ஆகவே செய்தியைப் பெறுபவர் தலையில் மட்டும் பொறுப்பைச் சுமத்தும் பேச்சை நான் ஏற்கவில்லை. தன் ஊரைப் பற்றி எழுதப்படும் வரியைச் சரிபார்க்க வேண்டிய முதல் கடமை அந்த ஊரில் வாழ்பவருக்கு. எழுதப்பட்ட மொழி தெரியாது என்பது அந்தக் கடமையைத் தள்ளிவிடாது. மொழி தெரிந்தவர் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்.

திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குழந்தைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். வீட்டில் போஜ்புரியோ ஒடியாவோ, தெருவில் கொங்குத் தமிழ், அப்பாவின் கைப்பேசியில் இந்தி. 2023இல் நம்மில் யாருக்கும் இல்லாதிருந்த வாசிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது: காட்சியில் தெரியும் வீதியையும் அதன் மேலே எழுதிய வரியையும் அவர்களால் ஒரே நேரத்தில் படிக்க முடியும். அவர்களுக்கு எழுத்துப் பிழை திருத்திக் கொடுக்கும் ஆசிரியர், வாரத்தில் ஒரு வகுப்பை ஒதுக்கி, கைப்பேசிக்கு வந்த ஒரு காணொளியைக் கரும்பலகைக்குக் கொண்டு வந்து, இது எங்கே, எப்போது, யார் சொன்னது, வேறு யாரிடம் கேட்கலாம் என்று அவர்களையே கேட்க வைக்கலாம். அதற்குப் புதுப் பாடநூல் வேண்டாம், கணினி அறை வேண்டாம். அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் உள்ள எந்தப் பள்ளியிலும் நாளைக்கே தொடங்கலாம்.